முதல் பீஸ் சைக்கிள்

அந்த ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்குக் கட்டிக்கொண்டு போன சேலையோடு அப்படியே, மணிமங்கலத்துக்கு வெளியே பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே தார் ரோடு உண்டு, விளக்குக் கம்பம் உண்டு, ‘சிறுவர் பூங்கா’ என்று ஒரு பலகைகூட உண்டு. வீடுதான் ஒன்றுமில்லை. ரோட்டின் குறுக்கே செங்கல் துண்டால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தேன். கோட்டுக்கு அப்பால் இருபது அடி தள்ளி யாரோ வீடு கட்டும் எம்-சாண்ட் மணலைக் கொட்டிக் குவித்திருந்தார்கள்.

ரோட்டின் அந்தக் கோடியில் என் வீட்டுக்காரர் அந்தோணி சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி நின்றார். கடையில் வாங்கிய சைக்கிள் இல்லை. நானே பாகம் பாகமாகத் தேடி வாங்கி, வீட்டுக் கூடத்தில் போட்டுப் பூட்டிய சைக்கிள். அவர் வேகமாக வர வேண்டும், கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடிக்க வேண்டும், மணலுக்கு வெகு முன்னால் நிற்க வேண்டும். சோதனை அவ்வளவுதான்.

என் கையில் ஒரு அட்டை. காலண்டர் அட்டையின் பின்பக்கம் கட்டம் போட்டு, சைக்கிளில் பார்க்க வேண்டியதைப் பன்னிரண்டு வரியாக எழுதியிருந்தேன். பன்னிரண்டுக்கும் டிக் போட்டாகிவிட்டது. அடியில் ‘சோதித்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. என் கையெழுத்து.

அப்படியும் அட்டையை மறுபடி ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தேன். அவர் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். அவர் பெடலை மிதித்தார்.

அவரை அங்கேயே வந்துகொண்டிருக்க விட்டுவிட்டு, கொஞ்சம் பின்னால் போய்வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தொடரில் போன வாரம் கம்பெனி கேண்டீன் உப்புமாவைப் பற்றி எழுதப் போய் நாலு கிளைக்கதை சொன்னதற்கு, என் சூப்பர்வைசரே ‘மேட்டருக்கு வாங்கம்மா’ என்றுவிட்டார். எனக்கு நேராகச் சொல்ல வராது.

ஆட்டம் பார்க்கிறவள்

ஒரகடத்தில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வெளியிலிருந்து வருகிற போல்ட், புஷ், பிராக்கெட் எல்லாம் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு. சிவப்பு விழுந்த பெட்டி கம்பிக் கூண்டுக்குள் போய்விடும்.

இந்த வேலையை இத்தனை வருஷம் பார்த்தவளுக்குக் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டை ஆட்டிப் பார்ப்பேன். மாதா கோவிலில் முழந்தாளிடும்போது பெஞ்சு ஆடுகிறதா என்று பார்ப்பேன். என் நாத்தனார் கல்யாண மேடையின் கம்பத்தை அசைத்துப் பார்த்து, பந்தல்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆட்டம் இருந்தால் ரிஜெக்ட், ஆட்டம் இல்லாவிட்டால் ஓகே. இத்தனை வருஷமும் எனக்கு இதுதான் வேதம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என்னைக் கவிழ்த்ததும் இதுதான்.

கைப்பையில் சீப்பு, பவுடர் எதுவும் இருக்காது. மில்லிமீட்டரையும் பங்கு போட்டு அளக்கிற வெர்னியர் ஒன்று இருக்கும். கம்பெனி வெர்னியர் இல்லை, அதைக் கேட்டுக்கு வெளியே எடுத்துவர முடியாது. என் சொந்தக் காசில் வாங்கியது. இட்லித் தட்டின் குழியைக்கூட அளந்தவள் என்று அந்தோணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அது பொய். அடைத் தவாவைத்தான் அளந்தேன்.

நாலு தடவை ரிஜெக்ட்

ஃபேக்டரி பக்கம் வராதவர்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஷிஃப்ட் தொடங்கியதும் ஒவ்வொரு மெஷினிலும் முதலில் அடித்த ஒரே ஒரு பீஸை எடுத்துக்கொண்டு ஆபரேட்டர் குவாலிட்டி மேஜைக்கு வருவார். அதன் பேரே முதல் பீஸ். அதை அளந்து, சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லைன் ஓடும். அடித்தவர் ஒரு கையெழுத்து, அளந்தவர் ஒரு கையெழுத்து. இரண்டும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. செய்தவனுக்குத் தன் பீஸில் குறை தெரியாது என்று எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ டிரெய்னிகளுக்கு நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அந்தோணியை நான் பார்த்ததே அப்படித்தான். அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு கம்பெனியில் இருந்தேன். அவர் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் மெஷினில் ஆபரேட்டர். ஐ.டி.ஐ. முடித்த மிடுக்கு. முதல் பீஸை ஒரு டிரேயில் வைத்து, தாம்பூலத் தட்டு கொண்டுவருவதுபோல் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஓரத்தில் பிசிர் இருந்தது. ரிஜெக்ட் செய்தேன். திரும்பப் போய் இன்னொன்று கொண்டுவந்தார். அதையும் ரிஜெக்ட் செய்தேன். அன்றைக்கு மட்டும் நாலு தடவை.

லைன் முழுக்க நின்றுகொண்டிருக்கிறது, சூப்பர்வைசர் கத்துகிறார், இவர் நிதானமாக, “ஏம்மா, பீஸ் புடிக்கலியா, ஆளப் புடிக்கலியா?” என்று கேட்டார். பிசிர் பிடிக்கவில்லை என்றேன். ஐந்தாவது பீஸ் கண்ணாடியாக வந்தது.

அந்தச் சீட்டில் அவர் போட்ட கையெழுத்து எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ‘அந்தோணி’ என்று சாய்த்து எழுதி, கடைசி எழுத்திலிருந்து ஒரு கோட்டை அப்படியே இடப்பக்கம் கொண்டுபோய், கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பார். ஒரு பிராக்கெட்டுக்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று நினைத்தேன். ஒன்றரை வருஷத்தில் கல்யாணம்.

வலது கை

விபத்து எப்படி நடந்தது என்று இந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே எழுதிவிட்டேன். மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும்: பிரஸ்ஸில் அவருடைய வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மோதிர விரல் பாதிதான் மடங்கும்.

காயம் ஆறிய பிறகு ஒருநாள் பேங்குக்குப் போனோம். ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை மிச்சமிருந்த விரல்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார், நழுவியது. இடது கைக்கு மாற்றினார். கோடு எங்கேயோ போனது. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் நல்ல மாதிரிதான், பதமாகத்தான் சொன்னாள், “பரவால்ல சார், ரேகை வச்சிடுங்க.” மைப்பெட்டியை நகர்த்தி வைத்தாள்.

ரேகை வைத்தார். வெளியே வந்து, பேங்குக்குப் பக்கத்திலிருந்த குழாயில் அந்தக் கட்டைவிரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மை போகவில்லை. அதற்குப் பிறகு அவர் பேனாவைத் தொட்டு நான் பார்க்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால்கூட, “ரோசி, வந்து இன்னான்னு பாரு” என்று உள்ளே போய்விடுவார்.

ஒன்பது மாதம் வீட்டில் இருந்தார். பிறகு அவருடைய பழைய நண்பர் மூலமாக ஒரு வேலை வந்தது. வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஒரு கிடங்கு. உட்கார்ந்த வேலை. உள்ளே வருகிற லாரி நம்பரையும் சரக்கையும் பார்த்து ரிஜிஸ்டரில் பதிய வேண்டும். சேர வேண்டியது மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “போயி வர ஒண்ணும் இல்லியே” என்றார்.

அதை நான் அப்படியே நம்பினேன். மோட்டார் பைக்கை வலது கையால் முறுக்க முடியாது. அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓடாது. என் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடலாம், ஆனால் எனக்கு வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். தவிர, எல்.கே.ஜி. பிள்ளையைப் போல் கேட்டில் இறக்கிவிடப் போகிறாயா என்று கேட்டுவிட்டார். சைக்கிள் என்றேன். தலையாட்டினார்.

ஒரு சைக்கிள் இருந்துவிட்டால் மனுஷன் வேலைக்குப் போய்விடுவார், வீட்டில் பழையபடி சத்தம் கேட்கும், நானும் நிம்மதியாகத் தூங்குவேன். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

எல்லாம் செட்டாவும்

ஸ்ரீபெரும்புதூர் தேரடிப் பக்கம் முபாரக்கின் சைக்கிள் கடை. முப்பது வயது இருக்கும், எப்போதும் காதில் ஒரு போன். அங்கே அந்தோணியைக் கூட்டிக்கொண்டு போனேன். ரெடிமேட் சைக்கிள் ஏழு எட்டு ஏறிப் பார்த்தார். எதிலும் வலது பக்கப் பிரேக் லிவர் அந்தப் பாதி மடங்கும் விரலுக்கு எட்டவில்லை. எட்டிப் பிடிக்கும்போது கை நழுவியது. டீக்கடையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கடைசி சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, ரோட்டுக்குப் போய் கம்பெனி பஸ்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்குத்தான் நானே பூட்டுவது என்று முடிவு செய்தேன். அவர் கைக்கு ஏற்ற லிவர், அவர் உயரத்துக்கு ஏற்ற சீட், வலது கைக்கு வேலை வைக்காமல் கியரே இல்லாத ஒற்றைப் பல்சக்கரம். ஃப்ரேம் வீட்டிலேயே இருந்தது. என் தம்பி விட்டுப்போன கியர் சைக்கிள் ஒரு மழை வெள்ளத்தில் முழுகி, மற்றதெல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தது. ஃப்ரேம் மட்டும் அலுமினியம் என்பதால் தப்பியது. துருப்பிடித்ததை எல்லாம் கழற்றி ஒரு கோணியில் கட்டிப் போட்டேன்.

கம்பெனியில் ஒரு பாகம் வந்தால் கூடவே அதன் டிராயிங் வரும். எது எதோடு சேரும் என்று அதில் எழுதியிருக்கும். சைக்கிளுக்கு அப்படி ஒன்று கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது. பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது. சீட்டுக் குழாயில் அரை மில்லிமீட்டர் குறைவான ஒன்றைக் கொடுத்து, சின்னத் தகரத்தைச் சுற்றிச் செருகினால் போதும் என்றார் முபாரக். பின் சக்கரத்தின் அச்சு ஃப்ரேமின் கால்களைவிட ஐந்து மில்லிமீட்டர் அகலம். கையால் விரித்துச் செருகு என்றார். கியர் சைக்கிளின் ஒல்லிச் செயினை வாங்கிவந்தால், அது ஒற்றைப் பல்சக்கரத்தின் தடிப் பல்லில் உட்காரவே இல்லை. தூக்கிக்கொண்டு மறுபடி ஸ்ரீபெரும்புதூர்.

ஒவ்வொரு தடவையும் முபாரக் ஒரே பதில்தான் சொல்வார். “எல்லாம் செட்டாவும்கா. நீங்க ஏன் இம்மாம் டென்ஷன் ஆவுறீங்க?”

டென்ஷன் ஆகாமல் என்ன செய்வது? ஒரகடம் ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? கன்டெய்னர் லாரி ஒன்று பக்கத்தில் போனால், அதன் காற்றிலேயே ஸ்கூட்டி ஒரு முழம் நகரும். அந்த ரோட்டில், எட்டு விரலோடு, நான் பூட்டிய வண்டியில் அவர் போகப்போகிறார். பூட்டி முடிக்கிறவரை இரண்டு வாரமும் நான் பாதித் தூக்கம்தான் தூங்கினேன். வேலையில் புஷ்ஷை அளந்துகொண்டிருப்பேன், மனதில் சீட்டுக் குழாய் ஓடும். ஜெபமாலை உருட்டும்போது எந்த மணியில் இருக்கிறேன் என்பதே மறந்துவிடும்.

தகரம் சுற்றாமல் சரியான குழாய் கிடைக்கும்வரை தேடினேன். அச்சு மாற்றினேன். பெடலில் இடது பக்க மரை எதிர்த் திசையில் ஏறும் என்று எனக்கே தெரிந்திருந்தது, அதில் மட்டும் கொஞ்சம் பெருமை. டயர், டியூப், பெடல் எல்லாம் வெர்னியர் வைத்து, எழுதி, சரிபார்த்து வாங்கினேன்.

கல் மாதிரி

லிவருக்குத்தான் மிகவும் அலைந்தேன். கடைசியில் சின்னக் கைகளுக்கென்றே செய்த ஒரு ஜோடி கிடைத்தது. உள்ளே ஒரு சின்னத் திருகு. அதைத் திருப்பினால் லிவர் ஹேண்டில் பக்கமாக நெருங்கிவரும். கடையிலேயே என் வலது கையில் இரண்டு விரலை மடக்கி வைத்துக்கொண்டு, மிச்ச விரலால் பிடித்துப் பார்த்தேன். எட்டியது. கடை என்றும் பார்க்காமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முபாரக் அதைப் பவர் பிரேக் லிவர் என்றார். பவர் பிரேக் என்பது சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு நீளக் கைகள் நின்று பிடிக்கிற வகை. அதை மாட்ட ஃப்ரேமில் இரண்டு சின்னக் குச்சிகள் வேண்டும். என் ஃப்ரேமில் அது இல்லை, நடுவில் ஒரு ஓட்டை மட்டும்தான். அதில் இடுக்கி மாதிரிப் பிடிக்கிற சாதா பிரேக்தான் மாட்ட முடியும். இந்த லிவர் அந்த பிரேக்குக்குச் சேருமா என்று கேட்டேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நானும் மேலே கேட்கவில்லை. ஒயர் முனை லிவரில் சரியாக உட்கார்ந்தது. ஹேண்டிலில் ஆடாமல் இறுகியது. எட்டுகிறது, இறுகுகிறது, வேறென்ன வேண்டும்?

வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு லிவரைப் பிடித்தேன். சக்கரம் டக்கென்று நின்றது. லிவர் கொஞ்சம் நகர்ந்ததுமே கல் மாதிரி கெட்டியாக நின்றுவிட்டது. ஒரு துளி தளர்ச்சி இல்லை, ஆட்டம் இல்லை. அந்தப் பன்னிரண்டு வரியில் நான் ரொம்பச் சந்தோஷமாக டிக் போட்டது பிரேக் வரிக்குத்தான். ஓட்டிப் பார்க்கலாமென்றால் சீட் அவர் உயரத்துக்கு இருந்தது, என் கால் பெடலுக்கு எட்டவில்லை. தள்ளிக்கொண்டே கூடத்தை ஒரு சுற்று வந்தேன். போதும் என்று கையெழுத்துப் போட்டேன்.

கம்பெனியில் யாராவது அப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

செங்கல் கோடு

இப்போது அந்த ரோட்டுக்கு வாருங்கள்.

அந்தோணி வந்தார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு வேகமாக வருவதைப் பார்க்கிறேன். சட்டை காற்றில் உப்பியிருந்தது. கோட்டைத் தொட்டார். இரண்டு லிவரையும் பிடித்தார், பிடித்தது எனக்குத் தெரிந்தது. சைக்கிள் நிற்கவில்லை. ரப்பர் ரிம்மில் உரசும் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் மட்டும் என்னைக் கடந்து போனது. அவர் செருப்புக் காலைத் தரையில் ஊன்றித் தேய்த்தார். அப்படியே போய் முன் சக்கரம் எம்-சாண்டுக்குள் இறங்கி, அவர் ஹேண்டிலுக்கு மேலாகச் சாய்ந்து மணலில் விழுந்தார்.

என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஓடினேன். சேலை தடுக்கி நானும் ஒரு தடவை விழுந்தேன். அந்த மணல் இடத்தில் ஒரு லாரி நின்றிருந்தால் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. கிட்டே போய்ப் பார்த்தால் அவர் எழுந்து உட்கார்ந்து காதிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். முழங்கையில் கொஞ்சம் சிராய்ப்பு. வேறு ஒன்றுமில்லை.

நான் அழுதுவிட்டேன். சைக்கிளே வேண்டாம், வேலையும் வேண்டாம், நீங்கள் வீட்டிலேயே இருங்கள், நான் ஓவர்டைம் பார்க்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

அவர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. சைக்கிளை நிமிர்த்தி, லிவரைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரஸ்ஸில் டை என்கிற இரும்பு அச்சை மாட்டும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. நான் அதைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

“கையில கல்லு மாரி கீது. ஆனா அங்க புடிப்பே இல்ல” என்றார். “பழைய லிவரு அந்தக் கோணியில கெடக்குதா?”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். துருப்பிடித்த பழைய லிவரை எடுத்து, புதியதற்குப் பக்கத்தில் வைத்தார். லிவர் ஆடுகிற ஆணியிலிருந்து ஒயர் மாட்டுகிற இடம் வரைக்கும் அளக்கச் சொன்னார். அளந்தேன். பழையதில் இருந்ததைவிடப் புதியதில் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு தூரம்.

அதற்குமேல் அவர் சொல்லத் தேவையில்லை. தூரம் கூடினால் ஒயர் அதிகமாக நகரும், ஆனால் இழுக்கும் பலம் குறையும். பவர் பிரேக்கின் நீளக் கைகளுக்கு அது சரி. என் இடுக்கி பிரேக்குக்கு அது போதாது. ரப்பர் சீக்கிரமே ரிம்மைத் தொட்டுவிடுவதால் லிவர் கெட்டியாகத் தெரியும், கெட்டியாகத் தெரிவதால் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஆட்டம் இல்லாவிட்டால் ஓகே என்று பழகிய என் கைக்கு மட்டும்தான் அப்படித் தோன்றியிருக்கும். வேறு யாராவது சும்மா ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்கள். எல்லாவற்றையும் அளந்தவள், அவருக்காக ஆசை ஆசையாகத் தேடியதை மட்டும் அளக்காமல் விட்டிருக்கிறேன்.

சிவப்புச் சீட்டு

அவர் என் அட்டையை எடுத்துப் பார்த்தார். பூட்டியவர் என்ற இடத்திலும் ரோசி, சோதித்தவர் என்ற இடத்திலும் ரோசி.

“நீயே பூட்டி, நீயே ஓகே போட்டுக்கினியா?”

அட்டையை வாங்கி வைக்கப் பையைத் திறந்தேன். பைக்குள் இரண்டு சீட்டு வைத்திருந்தேன். கம்பெனிப் பழக்கம், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஒன்றுக்குச் சிவப்பு ஸ்கெட்ச், ஒன்றுக்குப் பச்சை ஸ்கெட்ச் பூசியிருந்தேன். பச்சையைத்தான் கட்டப்போகிறோம் என்று அத்தனை நிச்சயமாக இருந்தேன். அவர் சிவப்பை எடுத்தார்.

“பேனா குடு.”

கொடுத்தேன். இடது கையில் வாங்கினார். சீட்டு நகராமல் வலது கை மணிக்கட்டால் அழுத்திக்கொண்டார். மெதுவாக எழுதினார். ‘பிரேக் பிடிப்பு இல்லை. ரிஜெக்ட்.’ எழுத்துகள் பெரிசு பெரிசாகப் பின்பக்கம் சாய்ந்திருந்தன, ஆனால் தடுமாறவில்லை. அதற்குக் கீழே ‘அந்தோணி’ என்று எழுதினார். கடைசி எழுத்திலிருந்து கோட்டை இடப்பக்கம் கொண்டுபோனார். கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்தார்.

முதல் தடவையாக இடது கையில் எழுதுகிற ஆளுக்கு அப்படி வராது. நான் ஷிஃப்ட்டுக்குப் போன பிறகு எத்தனை நாள், எத்தனை தாளில் எழுதிப் பழகினார் என்று எனக்குத் தெரியாது. தாள்களையும் நான் பார்த்ததில்லை. போய்வர வண்டி இல்லை என்று அவர் சொன்னது ஒரு சாக்கு. அந்த ரிஜிஸ்டருக்குத்தான் அவர் பயந்திருக்கிறார். மறுபடி யாராவது மைப்பெட்டியை நகர்த்தி வைத்துவிடுவார்களோ என்று. நான் இரண்டு வாரமாக மரையையும் அச்சையும் நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்தேன், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேனாவை நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை வருஷம் கூட இருந்து எனக்கு அது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷமாகவும் இருந்தது.

சீட்டை ஹேண்டிலில் கட்டிவிட்டு, “அன்னைக்கு நாலு தபா போட்டல்ல. இது மொத ரிஜெக்ட். இன்னும் மூணு பாக்கி கீது” என்றார்.

சேர வேண்டிய திங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. முபாரக்கிடம் இரண்டு லிவரையும் வெர்னியரையும் மேஜைமேல் வைத்துக் காட்டினேன். முதல் தடவையாகக் காதிலிருந்து போனை எடுத்தார். சென்னையில் மொத்தக் கடைக்குச் சொல்லி, அந்தச் சாதா பிரேக்குக்கு ஏற்ற, திருகு வைத்த லிவரை மூன்றே நாளில் வரவழைத்தார். சனிக்கிழமை அதே ரோட்டில், அதே செங்கல் கோட்டில், கோட்டைத் தாண்டி ஆறடிக்குள் சைக்கிள் நின்றது. அவர் பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். நான் ‘பூட்டியவர்’ என்ற இடத்தில் மட்டும் போட்டேன்.

திங்கட்கிழமை அவர் கிளம்பிய பிறகு நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் ஒரு திருப்பத்தில் நின்று, திரும்பிப் பார்க்காமலேயே கையால் போ போ என்று காட்டினார். திரும்பிவிட்டேன். அன்றைக்கு என் மேஜைக்கு வந்த பெட்டிகளை எப்படி அளந்தேன் என்று கேட்காதீர்கள்.

சாயந்திரம் நான் வீட்டுக்கு வரும்போது சைக்கிள் வாசலில் நின்றது. பச்சைச் சீட்டைக் காணோம். அதே இடத்தில் புதிதாக ஒரு சிவப்புச் சீட்டு தொங்கியது. கிடங்கு ரிஜிஸ்டரிலிருந்து கிழித்த தாளின் ஓரத்தைச் சிவப்பு மையால் கோடு போட்டுச் செய்திருந்தார். கிட்டே குனிந்து படித்தேன்.

‘பெல் இல்லை. ரிஜெக்ட்.’ கீழே கையெழுத்து, கோடு, இரண்டு புள்ளி.

பன்னிரண்டு வரியில் பெல் எழுதவே இல்லை நான். உள்ளே அவர் தம்ளரில் டீ ஆற்றிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. சேலை மாற்றாமல் அப்படியே ஸ்கூட்டியைத் திருப்பி முபாரக் கடைக்குப் போனேன். பெல் எந்த ஹேண்டிலுக்கும் செட்டாவும்கா என்றார். பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன்.